ரப்பரா, உலோகமா? காஸ் புளோபேக் பிஸ்டலின் கோளாறுகளை அறிகுறியால் கண்டுபிடித்தல்

காஸ் அழுத்தத்தால் பிளாஸ்டிக் குண்டைச் சுட்டு, ஒவ்வொரு முறையும் மேல்பகுதி பின்னே பாய்ந்து திரும்பும் விளையாட்டுத் துப்பாக்கிதான் காஸ் புளோபேக் பிஸ்டல். அதில் எது நம்பகமானது என்று கேட்டால் ஆளுக்கொரு பிராண்டு பெயரைச் சொல்வார்கள். நான் பெயரிலிருந்து தொடங்குவதில்லை. கெட்டுப்போன பிஸ்டல் எப்படி நடந்துகொள்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கோளாறுகளே சொல்லிவிடும்.

இந்த ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு விளையாட்டு) பிஸ்டலில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி ரப்பரால் வருகிறது. ஓ-ரிங் (ரப்பர் வளையம்), வாஷர், குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் ஹாப்-அப் ரப்பர் எல்லாம் சில்லறைக் காசில் தீர்கிற விஷயம். அடுத்தது பொருந்தாத காஸ். பிஸ்டலில் பழுதே இருக்காது, நிரப்பிய காஸ்தான் அதற்கு ஒத்துவராது. கடைசியாக உலோகம்: ஹேமரின் (டிரிகரை இழுத்தால் விழும் சுத்தி) பல், அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, குண்டும் காஸும் நிரப்பும் மேகசினின் உடல், முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியான ஸ்லைடு. இவை தேய்ந்தாலோ விரிந்தாலோ எண்ணெய் விட்டுச் சரிக்கட்ட முடியாது. முதல் இரண்டு வகைக் கோளாறு உள்ள பழைய பிஸ்டலைத் தைரியமாகப் பேரம் பேசி வாங்கலாம். மூன்றாவது வகை என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். மேகசினைக் கழற்றிய பிறகும் ஹாப்-அப் ரப்பரில் ஒரு குண்டு சிக்கியிருக்கலாம். ஸ்லைடை இழுத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ‘கிரீன் காஸ்’ என்று விற்பது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரொப்பேன். எரியக்கூடியது. காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் சிகரெட்டும் அருகில் இல்லாதபோது நிரப்புங்கள். திரவ காஸ் தோலில் பட்டால் உறைபுண் வரும். மேகசினின் எந்த வால்வைத் திருகிக் கழற்றுவதானாலும் அதற்கு முன் உள்ளிருக்கும் காஸ் முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அழுத்தத்தோடு கழன்று வரும் வால்வு எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு குண்டு வெளியேறும்போது நடப்பது

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளைக் கழற்றாமலே கண்டுபிடித்துவிடலாம். டிரிகரை இழுத்ததும் ஹேமர் விழுகிறது. அது நாக்கர் என்ற சிறு தண்டைத் தட்ட, நாக்கர் மேகசினின் பின்பக்கத்திலுள்ள வெளியேற்று வால்வை அழுத்துகிறது. அழுத்திய நிலையிலேயே ஒரு பூட்டு நாக்கரைப் பிடித்துக்கொள்கிறது. காஸ் மேகசினின் மேலுள்ள ரப்பர் வாய் வழியாக ஏறி, ஸ்லைடுக்குள் இருக்கும் நாசில் என்ற சிறு குழாய்க்குள் நுழைகிறது. நாசிலுக்குள் ராக்கெட் வால்வு என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டு ஒரு ஸ்பிரிங்கோடு மிதந்துகொண்டிருக்கும். தொடக்கத்தில் முன்வழி திறந்திருப்பதால் காஸ் குண்டைத் தள்ளுகிறது. ஓட்டம் வேகம் பிடித்ததும் அதே காஸ் ராக்கெட் வால்வை முன்னே தள்ளி அந்த வழியை அடைத்துவிடுகிறது. இப்போது காஸுக்குப் பின்பக்கம் மட்டுமே வழி. பிஸ்டனைத் தள்ளுகிறது, ஸ்லைடு பின்னோக்கிப் பாய்கிறது. பாயும் ஸ்லைடு ஹேமரை மீண்டும் மடக்குகிறது, நாக்கரின் பூட்டை விடுவிக்கிறது, வால்வு மூடுகிறது. ரீகாயில் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே கொண்டுவரும்போது நாசில் அடுத்த குண்டை மேகசினிலிருந்து உருவிக்கொண்டு போகிறது.

மேகசினில் காஸ் நிற்கவில்லை

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். மிக எளிதாகத் தீர்வதும் இதுதான். மேகசினில் கொஞ்சமாகக் காஸ் நிரப்பி ஒரு பாத்திரத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். இடுக்குகளில் தங்கியிருந்த காற்று முதலில் ஓரிரு குமிழிகளாக வரும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். சங்கிலி கோத்தாற்போல ஒரே இடத்திலிருந்து விடாமல் வருகிறதா என்று பாருங்கள். காஸ் தங்கியிருக்கும் அறையோடு தொடர்புடைய வாய்கள் மூன்றுதான்: அடியிலுள்ள நிரப்பு வால்வு, அடிமூடியின் வாஷர், பின்பக்க வெளியேற்று வால்வு.

நிரப்பு வால்வு என்றால் அதன் மேல் ஒரு சொட்டுச் சிலிக்கோன் எண்ணெய் விட்டு, காஸ் கேனால் இரண்டு மூன்று குறுகிய ஊதல் கொடுங்கள். எண்ணெய் உள்ளே போய் ரப்பரை நனைத்ததும் கசிவு பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் வால்வு தளர்ந்திருக்கலாம். காஸை முழுதும் வெளியேற்றிவிட்டு, அதற்கான வால்வுச் சாவியால் அளவோடு இறுக்க வேண்டும். மேகசினின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. பலத்தைக் காட்டினால் திருகு மறை தேய்ந்துவிடும்.

அடிமூடியின் வாஷர் என்றால் மூடியைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுத்து, வாஷரைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவித் திரும்பப் பொருத்துங்கள். வாஷரில் வெட்டு இருந்தால் புதிது போட வேண்டியதுதான். வெளியேற்று வால்வுக்கும் இதே வைத்தியம்: எண்ணெய், பிறகு ஓ-ரிங், கடைசியில் முழு வால்வு.

மேலே தெரியும் ரப்பர் வாயைப் பலரும் அவசரப்பட்டு மாற்றுகிறார்கள். மேகசின் சும்மா இருக்கும்போது அந்த ரப்பருக்கு அழுத்தமே இல்லை. வால்வு திறந்தால்தான் அதன் பக்கம் காஸ் வரும். சும்மா வைத்த மேகசின் கசிவதற்கு அது காரணமாக இருக்க முடியாது.

பல மாதம் காலியாகக் கிடந்த மேகசின் கசிவது இயல்பு. ரப்பர் காய்ந்து சுருங்கியிருக்கும். அதனால்தான் எடுத்து வைக்கும்போது கொஞ்சம் காஸ் உள்ளே இருக்கட்டும் என்பார்கள். முகாம் அடுப்புக்கான புரொப்பேன் கேனை அடாப்டர் போட்டுப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அதில் எண்ணெய் கிடையாது. சில நிரப்புதலுக்கு ஒருமுறை நீங்களே ஒரு சொட்டு விட வேண்டும். சிலிக்கோன் எண்ணெய் மட்டும். தையல் இயந்திர எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே போன்ற பெட்ரோலியச் சரக்குகள் பல ரப்பர்களை உப்ப வைத்துவிடும்.

வாங்கும்போது கசிகிற மேகசினைக் கண்டு மிரள வேண்டாம். விலையைக் குறைக்க அது நல்ல சாக்கு. மேகசினின் உடலிலேயே விரிசல் இருந்தாலோ, வால்வின் மறை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தாலோ அந்த மேகசினுக்கு மதிப்பு பூஜ்ஜியம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கூடுதல் மேகசின் எளிதில் கிடைக்காத பிஸ்டலை நான் நம்பகமான பிஸ்டல் என்று சொல்லமாட்டேன், அது எவ்வளவு அழகாகச் சுட்டாலும் சரி. ஜப்பானிய நிறுவனமான டோக்கியோ மருயியின் ஹை-காப்பா, குளோக் மாடல்களை எல்லோரும் பரிந்துரைப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்: மேகசினும் உதிரிப் பாகமும் பல நிறுவனங்களிடமிருந்து கிடைக்கின்றன. ஆனால் வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால் உள்பாகமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வேறு நிறுவனத்தின் மேகசினைக் கையில் வைத்துப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நிரம்பவே மாட்டேன் என்கிறது, அல்லது நிரப்பிய உடன் வெள்ளையாகப் பீய்ச்சுகிறது

கேனை நிமிர்த்திப் பிடித்தால் ஆவி மட்டுமே உள்ளே போகும். மேகசினைத் தலைகீழாக வைத்து, கேனையும் தலைகீழாகக் கவிழ்த்து நேராக அழுத்த வேண்டும். அப்போதுதான் திரவம் இறங்கும். மறுபக்கம், அறை முழுவதும் திரவத்தால் நிரம்பிவிட்டால் ஆவியாக இடமில்லை. திரவமே நாசிலுக்குள் ஏறும். முதல் சில சுடுதலில் வெண்புகை பீய்ச்சும், ஸ்லைடு சோம்பும். கொஞ்சம் காஸை வெளியேற்றினால் சரியாகிவிடும். இது பழுதல்ல.

மேகசினைச் செருகியதும் காஸ் மொத்தமும் ‘உஸ்’ என்று போய்விடுகிறது

நாக்கர் முன்னே நீட்டிய நிலையில் பூட்டிக்கொண்டிருக்கிறது. மேகசின் ஏறும்போது வால்வு நேராக அதன் மேல் போய் இடித்துத் திறந்துகொள்கிறது. மேகசினை எடுங்கள், ஸ்லைடை ஒருமுறை முழுவதும் பின்னால் இழுத்து விடுங்கள், மீண்டும் செருகுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். ஸ்லைடை இழுத்த பிறகும் இதே கதை என்றால் நாக்கரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது பூட்டு தேய்ந்திருக்கலாம். ஸ்பிரிங் எளிது. பூட்டு என்றால் அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

டிரிகரை இழுத்த பிறகு இதே போல மொத்தமும் போனால் விஷயம் வேறு. ஸ்லைடு பூட்டை விடுவிக்கும் தூரம் வரை பின்னே போகவில்லை. வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. மேகசின் சில்லிட்டிருக்கலாம், ஸ்லைடு வறண்டிருக்கலாம், அந்த ஸ்லைடின் எடைக்கு அந்தக் காஸ் போதாமல் இருக்கலாம்.

முதல் சில குண்டு பலமாக, பிறகு போகப் போக மந்தம்

பிஸ்டலைக் குறை சொல்வதற்கு முன் இயற்பியலைப் பார்க்க வேண்டும். மேகசினுக்குள் இருப்பது திரவம். ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைத் திரவத்திலிருந்தும் மேகசின் உலோகத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருப்பதைப் போலத்தான். திரவம் குளிர்ந்தால் அதன் ஆவி அழுத்தம் குறையும். வேகமாகச் சுட்டால் வெளிக்காற்று மேகசினைச் சூடாக்குவதற்குள் அடுத்தடுத்த குண்டு அதை இன்னும் குளிர வைத்துவிடுகிறது.

எந்தக் காஸ் எவ்வளவு தாங்கும் என்பதற்குச் சில எண்கள். 20 டிகிரி செல்சியஸில் புரொப்பேனின் அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் சுமார் 7.4 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). எச்.எஃப்.சி 134ஏ என்ற காஸுக்கு அதே வெப்பநிலையில் சுமார் 4.7 பார். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் புரொப்பேன் சுமார் 3.7 பாருக்கும், 134ஏ இரண்டு பாருக்குக் கொஞ்சம் கீழேயும் வந்துவிடும். அதாவது உறைகுளிரில் புரொப்பேன் கொடுக்கும் உந்தல், இதமான நாளில் 134ஏ கொடுப்பதைவிடக் குறைவு. அந்தக் குளிரில் 134ஏ போட்டுக் கனமான உலோக ஸ்லைடை அசைக்க நினைப்பது வீண் வேலை.

தீர்வு பொறுமைதான். சுடுதலுக்கு இடையே சில விநாடி விடுங்கள், இரண்டு மூன்று மேகசினை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், குளிர் நாளில் சட்டைப் பையின் உட்புறத்தில் வைத்திருங்கள். வெந்நீரில் போடுவது, ஹீட்டர் மேல் வைப்பது, வெயிலில் பூட்டிய காரில் விடுவது எதுவும் கூடாது. அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் வாங்கும்போதே இதை யோசிக்க வேண்டும். குண்டுகள் ஒற்றை வரிசையாக அடுக்கப்படும் ஒல்லி மேகசின் சீக்கிரம் சில்லிடும். அகலமான இரட்டை வரிசை மேகசினில் உலோகமும் அதிகம், காஸ் அறையும் பெரிது, அதனால் தாக்குப்பிடிக்கும். ஸ்லைடு எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது. குட்டி பிஸ்டல்களின் அழகில் மயங்குபவர்கள் குளிர்காலத்தில் நொந்துபோவதற்கு இதுவே காரணம்.

இதற்கெல்லாம் கார்பன் டை ஆக்சைடு மாற்று என்று ஒரு பேச்சு உண்டு. 12 கிராம் குப்பியில் வரும் அதன் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார். குளிரிலும் ஸ்லைடு சுறுசுறுப்பாக அடிக்கும், உண்மைதான். அந்த அடியை நாசிலும், ஸ்லைடைப் பின்னே நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பும், ஹேமரும் வாங்குகின்றன. குண்டின் ஆற்றலும் விளையாட்டுத் திடல்களின் வரம்பைத் தாண்டக்கூடும். குப்பியை ஒருமுறை துளைத்துவிட்டால் முடித்துவிட வேண்டும். உள்ளேயே விட்டு வைத்தால் சீல்கள் நசுங்கும். முதல் பிஸ்டல் வாங்குபவருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

வெயில் நாளில் ‘டக்’ சத்தம் மட்டும், குண்டு வரவில்லை

மேலே சொன்னதன் நேர் எதிர். புரொப்பேன் நிரப்பிய மேகசின் 40 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே வளிமண்டலத்துக்கு மேல் 12 பாருக்கும் அதிகமான அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தமே வால்வை உள்ளிருந்து இறுக்கி மூடுகிறது. ஹேமரின் அடி அதைத் திறக்கப் போதவில்லை. நிழலில் வைத்து ஆற விட்டதும் சுடத் தொடங்கினால் சந்தேகம் தீர்ந்தது. பலமான ஹேமர் ஸ்பிரிங் போடச் சொல்வார்கள். போட்டால் வால்வு திறக்கும். கூடவே நாக்கரும் கொக்கியும் சீக்கிரம் தேயும். வெயில் காலத்துக்கு அழுத்தம் குறைந்த காஸ் வாங்குவதுதான் மலிவான வழி.

மருயி பிஸ்டல்களை வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் 2006 முதல் 6 மி.மீ குண்டின் ஆற்றல் ஒரு ஜூலுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். மாதிரிக் கைத்துப்பாக்கியை உலோகத்தில் செய்யவும் அங்கே கட்டுப்பாடு உண்டு. அதனால் அவர்களின் ஸ்லைடு ஏ.பி.எஸ் பிளாஸ்டிக், ஸ்பிரிங் மென்மை, காஸும் 134ஏ போன்ற அழுத்தம் குறைந்த வகை. அந்தக் கணக்குக்குள் வைத்திருந்தால் அவை அலுக்காமல் உழைக்கும். புரொப்பேன் போட்டே தீருவேன் என்பவர்கள் ஸ்லைடின் பக்கவாட்டுச் சாளர ஓரத்தையும், முன்பகுதி உள்விளிம்பையும் அடிக்கடி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசலின் தொடக்கம். பழைய மருயியை வாங்குவதானால் நான் முதலில் கேட்பது, இதில் என்ன காஸ் போட்டீர்கள் என்பதுதான். தைவானிய உலோக ஸ்லைடு பிஸ்டல்கள் பலவும் கிரீன் காஸை எதிர்பார்த்தே செய்யப்பட்டவை. அவற்றுக்கு 134ஏ போட்டுவிட்டு ஸ்லைடு மந்தம் என்று புகார் சொல்வதில் நியாயமில்லை.

மேகசின் இதமாக இருந்தும் ஸ்லைடு சோம்புகிறது

ஸ்லைடைக் கழற்றி ரீகாயில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வெறும் ஸ்லைடை மட்டும் ஃபிரேமின் (கைப்பிடியுள்ள கீழ்ப்பகுதி) தண்டவாளத்தில் ஏற்றுங்கள். பிஸ்டலைச் சாய்த்தால் ஸ்லைடு தன் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும். எங்காவது கவ்வினால் அந்த இடத்தைத் தேடுங்கள். புதிய உலோக பிஸ்டலில் பெயின்ட் தடிப்பும் வார்ப்பின் பிசிறும் சகஜம். பெயின்ட் தேய்ந்து பளபளக்கும் இடமே உரசும் இடம். நுண்ணிய எமரித் தாளால் இரண்டு இழுப்பு, பிறகு துளி கிரீஸ். தண்டவாளம் சுத்தம் என்றால் ஸ்பிரிங் வளைந்திருக்கிறதா, யாராவது கடினமான ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் நாசில். ஸ்லைடைக் கவிழ்த்துப் பிடித்து நாசிலை விரல்நுனியால் முன்னே இழுத்து விடுங்கள். அது ஸ்பிரிங்கின் இழுப்பில் தடங்கலின்றித் தானே திரும்பிப் போக வேண்டும். பாதியில் நின்றால் எண்ணெய்ப் பசையோடு தூசு சேர்ந்து அடைந்திருக்கிறது, அல்லது திருப்பும் ஸ்பிரிங் களைத்துவிட்டது. கழற்றினால் உள்ளே பிஸ்டன் தலையில் ஓர் ஓ-ரிங் இருக்கும். புதிதில் அதன் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கும்; தேய்ந்ததில் வெளிப்பக்கம் தட்டையாக, நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். நாசிலின் பின்பக்கச் சுவர் மெல்லியது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஒரு கோணத்தில் மட்டும் மினுக்கும். நேரே பார்த்தால் தெரியாது.

இப்போது மேகசினின் மேலுள்ள ரப்பர் வாயைப் பாருங்கள். நாசிலின் அடிப்பரப்பு உட்கார்ந்து உட்கார்ந்து அதன் மேல் ஒரு தடம் பதிந்திருக்கும். தடம் சுற்றிலும் ஒரே அழுத்தமாக இருந்தால் நன்று. ஒருபக்கம் ஆழமாகவும் மறுபக்கம் தடமே இல்லாமலும் இருந்தால் காஸ் அந்தப் பக்கம் வழியாகத் தப்பிக்கிறது; சுடும்போது கைப்பிடிக்கு மேலே ஒரு ‘புஸ்’ கேட்கும். ரப்பரை மாற்றினால் ஸ்லைடுக்கு உயிர் வந்துவிடும்.

ராக்கெட் வால்வின் கோளாறை இரண்டு எதிரெதிர் நடத்தைகளால் பிரித்தறியலாம். ஸ்லைடு பலமாக அடிக்கிறது, குண்டு மட்டும் காலடியில் விழுகிறது என்றால் வால்வு முன்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதன் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. குண்டு பலமாகப் போகிறது, ஸ்லைடு பாதியில் நிற்கிறது என்றால் வால்வு முன்னேறி அடைக்கத் தாமதிக்கிறது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் கழற்றித் துடைப்பதே. அந்த ஸ்பிரிங் கண்ணுக்கே தெரியாத பொடியான பொருள். வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யுங்கள்.

குண்டு வரவில்லை, இரண்டாக வருகிறது, தானாக உருண்டு விழுகிறது

முதலில் குண்டைச் சந்தேகியுங்கள். பெயருக்கு 6 மி.மீ என்றாலும் நல்ல குண்டின் விட்டம் 5.95 மி.மீ அளவில் சீராக இருக்கும். உள்குழலின் விட்டமோ 6.01 முதல் 6.08 மி.மீ வரைதான். மலிவுக் குண்டில் ஒட்டுத் தழும்பும் முட்டை வடிவமும் சாதாரணம். குழலில் சிக்கி ஹாப்-அப் ரப்பரைக் கிழிக்கும். கீழே விழுந்ததைப் பொறுக்கித் திரும்பப் போடுவது சிக்கனம் அல்ல.

குழல்வாயைக் கீழே சாய்த்ததும் குண்டு உருண்டு வந்தால் ஹாப்-அப் முழுதும் குறைந்திருக்கிறது, இல்லையேல் ரப்பர் தேய்ந்துவிட்டது. அந்த ரப்பரின் உதடு கிழிந்தால் இரண்டு குண்டு ஒன்றாகப் போகும். குண்டே ஏறவில்லை என்றால் மேகசினின் மேல் உதட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் உதடு கீழே விழுந்து உடைவது அடிக்கடி நடப்பது. பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும். அதுவும் சரி என்றால் ஸ்லைடு போதிய தூரம் பின்னே போவதில்லை. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

குண்டு கண்ட திசையில் பறக்கிறது

நேற்று எண்ணெய் விட்டீர்களா? மேகசினில் விட்ட சிலிக்கோன் எண்ணெய் காஸோடு ஏறி ஹாப்-அப் ரப்பரில் படியும். எண்ணெய்ப் பட்ட ரப்பரால் குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்க முடியாது. ஒன்று தொப்பென்று விழும், அடுத்தது வானத்துக்கு ஏறும். உள்குழலை எடுத்து, சுத்தம் செய்யும் கம்பியில் துணி சுற்றித் துடையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துளி நனைத்தால் நல்லது. கடைசியாக உலர்ந்த துணி.

எண்ணெய் இல்லை, எல்லாக் குண்டும் ஒரே பக்கமாக வளைகிறது என்றால் ரப்பர் குழலின் மேல் சற்றே திரும்பிப் பொருந்தியிருக்கிறது. மேல்நோக்கி வளைந்தால் ஹாப்-அப்பைக் குறையுங்கள், அல்லது 0.20 கிராமிலிருந்து 0.25 கிராம் குண்டுக்கு மாறுங்கள். பிஸ்டலுக்கு 0.25 நல்ல நடுவழி என்பது என் கருத்து. புதிய ஹாப்-அப் ரப்பர் சில நூறு குண்டு போன பிறகுதான் பழகும். பெட்டியைப் பிரித்த அன்றே தீர்ப்பு எழுதாதீர்கள்.

வேகமானி கிடைத்தால் மேகசின் குளிர்ந்துபோகாதபடி இடைவெளி விட்டு விட்டுப் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 90 மீட்டர் என்றால் 0.81 ஜூல், 100 மீட்டர் என்றால் சரியாக ஒரு ஜூல். உச்ச வேகத்தைக் காட்டிப் பெருமை பேசும் விற்பனையாளரைவிட, பத்துக் குண்டின் வேகமும் நெருக்கமாக இருக்கும் பிஸ்டலை நம்புங்கள். எண்கள் தாறுமாறாக இருந்தால் நாசிலும் ஹாப்-அப் ரப்பரும் ஒன்றோடொன்று சரியாக உட்காரவில்லை.

கடைசிக் குண்டுக்குப் பிறகு ஸ்லைடு பின்னே நிற்கவில்லை

காஸ் போதுமான அளவு இருந்தும் நிற்கவில்லையென்றால் கையால் ஸ்லைடை இழுத்துப் பாருங்கள், காலி மேகசினோடு. கையால் நிற்கிறது என்றால் காஸ் அல்லது சீல் விவகாரம். கையாலும் நிற்கவில்லை என்றால் மேகசினுக்குள் குண்டுகளை மேலே தள்ளும் தள்ளுகட்டை ஸ்லைடு ஸ்டாப்பைத் தூக்கவில்லை, அல்லது ஸ்லைடின் பள்ளம் மழுங்கிவிட்டது. பிளாஸ்டிக் ஸ்லைடில் உலோக ஸ்டாப் இடித்து இடித்துப் பள்ளம் வட்டமாகும். பார்க்க அசிங்கம், சுடுவதற்குத் தடையில்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

டிரிகரை ஒருமுறை இழுத்தால் இரண்டு மூன்று குண்டு போகிறது

சிலருக்கு இது வேடிக்கையாகத் தெரியும். ஸ்லைடு முன்னே வரும்போது ஹேமரைக் கொக்கி பிடிக்கத் தவறுகிறது. ஹேமர் ஸ்லைடைத் தொடர்ந்தே வந்து நாக்கரைத் தட்டிவிடுகிறது. மேகசின் இல்லாமல் சோதிக்கலாம். டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து முன்னே விடுங்கள். ஹேமர் மடங்கியே நிற்க வேண்டும். டிரிகரை மெதுவாக விட்டால் ஒரு சின்னச் சொடுக்கு கேட்கும், கொக்கி மாறிப் பிடிக்கும் ஒலி. பிறகு மடங்கிய ஹேமரைப் பின்னிருந்து கட்டைவிரலால் அளவோடு முன்னே தள்ளுங்கள். டிரிகரைத் தொடாமல் அது விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு டிரிகரை இழுத்தாலும் விழக் கூடாது.

விழுந்தால் ஹேமரின் பல்லும் கொக்கியின் நுனியும் மழுங்கிவிட்டன. மலிவான பிஸ்டலில் இவை மென்மையான துத்தநாகக் கலவையில் வருகின்றன; அரத்தால் கூர்மைப்படுத்தினால் இன்னும் கொஞ்ச நாளில் அதே நிலைக்கு வரும். எஃகில் செய்த ஹேமர், கொக்கித் தொகுப்பு அந்த மாடலுக்குத் தனியாகக் கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். கிடைக்கவில்லையென்றால், உங்களுடையதானால் மேகசினைக் கழற்றி அலமாரியில் வையுங்கள், விற்பவருடையதானால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.